28 நிமிடம் 48 ஆன கதை: ஒரு டைவரின் சாமான் கணக்கு

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நண்பர் படகேறினார். கையில் மிரர்லெஸ் கேமரா, அதைப் பூட்டிவைக்கும் அலுமினிய ஹவுசிங், இரண்டு ஸ்ட்ரோப் (தண்ணீருக்குள் அடிக்கும் ஃபிளாஷ்), அவற்றைத் தாங்கும் நீளமான கைகள், ஒரு ஃபோகஸ் லைட். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். படகுக்கார அண்ணன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம எஞ்சினவிட வெல இருக்கும்போல" என்றார். கிட்டத்தட்ட உண்மைதான்.

டைவ் 28 நிமிடத்தில் முடிந்தது. சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம். அதற்குள் 112 படம் எடுத்திருந்தார். ராத்திரி அறையில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். எல்லாப் படத்திலும் மாவு சலித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஒன்றிரண்டில் மீனின் வால் துல்லியமாக இருந்தது, கண் மங்கல். வைத்துக்கொள்ள ஒன்றும் தேறவில்லை.

"பெரிய சிலிண்டர் வேணும். அப்புறம் நைட்ராக்ஸ் கோர்ஸ் முடிச்சுடணும்" என்றார்.

முதலாவது சில நிமிடங்களைக் கொடுத்திருக்கும், கூடவே முதுகுவலியையும். இரண்டாவது, அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றான நைட்ராக்ஸ், அன்றைக்கு அவருக்கு அரை நிமிடம்கூடக் கூட்டியிருக்காது. அடுத்த 11 மாதத்தில் நாங்கள் இருவரும் 31 டைவ் சேர்ந்து போனோம். ஒவ்வொன்றுக்கும் ஆழம், நேரம், தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், இடுப்பில் கட்டிய எடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். அவர் சம்மதத்தோடு அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 41, சென்னைக்காரர், உட்கார்ந்தே பார்க்கிற வேலை, அதற்கு முன் 34 டைவ் அனுபவம். நான் அவருடைய ஜோடி டைவர்; வார இறுதிகளில் டைவ் மாஸ்டர் வேலை பார்க்கிறவன்.

முதல் நாள் நிலவரம்

இடம், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும் டெம்பிள் ரீஃப். ஆளே கட்டி இறக்கிய செயற்கைத் திட்டு, கடலடி ஆழம் 18 மீட்டர். மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். மன்னார் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்தே இருக்கிற சொல். நாங்களோ காற்றழுத்தத்தைப் பாரில் சொல்கிறவர்கள். "இன்னும் எவ்வளவு பார்?" என்று படகில் கேட்டால் யார் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும்.

சிலிண்டர், இந்தியாவில் எங்கே போனாலும் கிடைக்கிற அலுமினியம் 80. உள்கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாரில் தொடங்கி 50-ல் மேலே வந்தார், ஆக 150 பார் செலவு. 150-ஐ 11.1-ஆல் பெருக்கினால் 1,665 லிட்டர். சராசரி ஆழம் 14 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 2.4 மடங்கு. 1,665-ஐ 28 நிமிடத்தாலும் 2.4-ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 லிட்டர் வருகிறது. மேல்மட்ட அழுத்தத்தில் அவர் நிமிடத்துக்கு இழுத்த காற்று அது. நிதானமாக மிதக்கிற ஒருவர் 14, 15 லிட்டரில் ஓட்டிவிடுவார். இவர் மாடிப்படி ஏறுகிறவரைப்போல மூச்சு வாங்கியிருக்கிறார்.

இந்த 25 என்ற எண்தான் எனக்கு நோயின் பெயர். படங்களில் இருந்த வெள்ளைப் புள்ளியும் அதே நோயின் இன்னொரு அறிகுறி என்று பிறகு புரிந்தது.

நான் பின்னால் இருந்து எடுத்த ஒரு சின்ன வீடியோவில் எல்லாம் தெரிந்தது. உடம்பு கிடையாக இல்லை. தலை மேலே, கால் கீழே, 45 பாகை சாய்வு. ஒவ்வொரு உதைக்கும் காலில் மாட்டிய ஃபின் மணலைத் தொட்டுப் புழுதி கிளப்புகிறது. அந்தப் புழுதி முன்னால் மிதந்து வந்து லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே நிற்கிறது. ஸ்ட்ரோப் வெளிச்சம் மீனுக்கு முன்னால் அதன்மேல்தான் விழுகிறது. நடுநடுவே இடது கை பிசிடி (காற்று ஏற்றி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) பட்டனுக்குப் போகிறது, காற்று ஏற்றுகிறது, அரை நிமிடத்தில் மேலே இழுக்கப்பட்டுக் காற்றை விடுகிறார், மறுபடி ஏற்றுகிறார்.

இடுப்பில் 8 கிலோ ஈயம். முன்பு ஒரு டைவ் கடையில் முதல் நாள் சுலபமாக அமிழட்டும் என்று கட்டிவிட்ட எடை. அதையே இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார். போதாக்குறைக்குக் கேமரா செட் தண்ணீருக்குள்ளும் 1.2 கிலோ கீழே இழுத்தது.

முதலில் ஈயம்

சரி, கேமராவைக் கரையிலேயே வைத்துவிட்டுவா என்றேன். முகம் சுருங்கிப்போனது. ஆறு டைவ் கேமரா இல்லாமல் என்று பேரம் படிந்தது.

எடை பார்ப்பதைப் பலரும் டைவின் தொடக்கத்தில் செய்கிறார்கள். அலுமினியச் சிலிண்டருக்கு அது தப்புக் கணக்கு. நிறைந்திருக்கும்போது அது லேசாக அமிழும். தீரத் தீர உள்ளே இருந்த இரண்டரை கிலோ காற்று வெளியே போய், கடைசியில் 2 கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். ஆகவே 50 பார் மிச்சம் இருக்கும்போது, 5 மீட்டரில், பிசிடியில் காற்றே இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் டைவ் முடிவில் ஒரு கிலோ, அடுத்ததில் ஒரு கிலோ என்று அவர் பெல்ட்டிலிருந்து கழற்றி என் பையில் போட்டுக்கொண்டே வந்தேன். 5 கிலோவில் நின்றது. மூன்று கிலோ சும்மா சுமந்திருக்கிறார்.

கேமராவோடு சேர்த்து 4.2 கிலோ அதிக எடை. அதைத் தாங்க பிசிடிக்குள் 4.2 லிட்டர் காற்று ஏற்ற வேண்டும். 18 மீட்டரில் ஏற்றிய அந்தக் காற்று, ஒரு மீனைத் துரத்தி 12 மீட்டருக்கு வந்தால் விரிந்து 5.3 லிட்டர் ஆகிவிடும். ஒரு கிலோவுக்கு மேல் திடீரென்று மேல்நோக்கி இழுக்கிறது. காற்றை விட்டால் அமிழ்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் அவருடைய 25 லிட்டர் போனது. பழைய முத்துக்குளிப்பவர்கள் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள்; அடியில் கால் எடுத்ததும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். அவர்களுக்கு வேலை முடிந்தால் எடையும் போயிற்று. நாம் கல்லைக் கட்டிக்கொண்டே சுற்றுகிறவர்கள்.

ஆறாவது டைவில் அதே இடம், அதே சராசரி ஆழம்: 37 நிமிடம். நிமிடத்துக்கு 19 லிட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனோம். வாடகை ஜாக்கெட் பிசிடியை விட்டுவிட்டு, முதுகில் மாட்டும் ஸ்டீல் தகடான பேக்பிளேட்டும் முதுகுப்பக்கம் மட்டும் காற்று நிற்கிற விங்கும். பிளேட் 2.7 கிலோ. அதாவது இடுப்பு ஈயத்தில் பாதிக்கு மேல் முதுகுத்தண்டுக்கு ஏறிவிட்டது. பெல்ட்டில் 2 கிலோ போதும் என்றானது. கால் தானாக மேலே எழும்பி உடம்பு படுக்கையாயிற்று. கூடவே தவளை உதை பழகினார். மணலுக்கு அரை மீட்டர் மேலே போனாலும் புழுதி எழவில்லை.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் நான் பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான்: சிலிண்டரில் மாட்டுகிற பாகமான முதல் நிலை பேலன்ஸ்டு வகையாக இருக்க வேண்டும். சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலும் ஆழம் கூடினாலும் மூச்சு இழுக்கும் சிரமம் மாறாமல் இருக்கும். அதன் உள்ளமைப்பு பிஸ்டனா டயஃப்ரமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எங்கள் தண்ணீருக்கு இரண்டும் சரி. உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்தில் சர்வீஸ் செய்யவும் உதிரி வாங்கவும் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள்.

மே மாதக் கடைசியில் 43 நிமிடம். நிமிடத்துக்கு 16 லிட்டர். இதில் பிளேட்டுக்கு எத்தனை பங்கு, ரெகுலேட்டருக்கு எத்தனை, வாராவாரம் கடலுக்குப் போனதற்கு எத்தனை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றியது எங்கள் ஆய்வின் ஓட்டை.

வெள்ளெழுத்து

ஜூனில் கேமரா திரும்ப இறங்கியது. புள்ளிகள் போய்விட்டன. ஆனால் ஃபோகஸ் இன்னும் தப்புகிறது. லென்ஸைச் சந்தேகப்பட்டார், ஹவுசிங்கின் முன்கண்ணாடியைச் சந்தேகப்பட்டார், இன்னொரு லென்ஸுக்கு விலை விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் பில்லைக் கையை நீட்டி, தள்ளிப் பிடித்துப் படித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தண்ணீருக்குள் மாஸ்க் கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். 40 சென்டிமீட்டரில் பிடித்திருக்கிற கேமராத் திரை கண்ணுக்கு 30 சென்டிமீட்டரில் இருப்பதாகவே படும். கண்ணும் அந்தத் தூரத்துக்குத்தான் குவிய வேண்டும். கரையில் கையை நீட்டிச் சமாளிக்கிற 41 வயதுக் கண்ணுக்கு அங்கே வழியில்லை. மீனின் கண் ஃபோகஸில் இருக்கிறதா, வால் இருக்கிறதா என்றே அவருக்குத் தெரியாமல் அத்தனை மாதம் படம் எடுத்திருக்கிறார். சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளையும் ஏறக்குறைய ஊகத்தில்தான் படித்திருக்கிறார் என்று பிறகு ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மருந்து, அரை நிலா வடிவத்தில் வருகிற மெல்லிய ஒட்டு லென்ஸ். மாஸ்க்கின் உள்பக்கம், கீழ்ப்பாதியில், தண்ணீர் தொட்டு ஒட்டிவிட்டு ஒருநாள் காயவிட வேண்டும். பிளஸ் 2 பவர். நேராகப் பார்த்தால் கடல், கண்ணைத் தாழ்த்தினால் திரை. இந்த ஆண்டு அவர் வாங்கியதில் ஆக மலிவான சாமான் இதுதான். படங்களில் ஆகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததும் இதுதான். ஒரே சமயத்தில் மாஸ்க்கையும் கறுப்பு ஓரம் உள்ளதாக மாற்றினார். பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வராததால் திரை பளிச்சென்று தெரிந்தது.

கேமராவை எடை போட்டது

கேமரா செட் கீழே இழுக்கிறது என்றேனே, அந்த 1.2 கிலோவை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் லாரிக்காக வைத்திருக்கும் நீல டிரம். அதில் கைப்பிடி உப்பை மூன்று தடவை போட்டோம், கடல்நீர் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள. விமான நிலையத்துக்குப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் ஹவுசிங்கைத் தொங்கவிட்டு முழுக்க அமிழ்த்தினோம். ஹவுசிங்குக்குள் கேமரா உண்டு, ஆனால் பேட்டரி கழற்றியது. பேட்டரிக்குப் பதிலாகச் சில்லறைக் காசைச் சுற்றி வைத்தோம். தராசு 1.2 காட்டியது.

இதைச் சமன்செய்ய மிதவை வேண்டும். அவசரக்காரர், பார்சலில் வந்த தெர்மகோலை வெட்டி ஸ்ட்ரோப் கையில் டேப் சுற்றிக் கட்டிவிட்டார். டிரம்மில் அழகாக மிதந்தது. 18 மீட்டருக்குப் போய் வந்தபோது அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. எங்கே தேவையோ அங்கே மிதக்காமல், திரும்பக் கரையேறும்போது டேப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆழத்துக்கென்றே செய்த, உள்ளே காற்று அடைத்த கடினமான மிதவைக் கைகளை வாங்கிப் போட்டபிறகு செட் 200 கிராம் மட்டுமே அமிழ்ந்தது. விட்டால் மெதுவாகக் கீழே போகும், அதுதான் வசதி. மேலே மிதக்கிற கேமரா மணிக்கட்டைத் திருகிக்கொண்டே இருக்கும்.

எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் கடலைப் பாருங்கள் என்பது. புதுச்சேரியில் நல்ல நாளில் 15 மீட்டர் தூரம் தெரியும், பல நாள் ஐந்துகூடத் தெரியாது, தண்ணீர் பச்சை. தண்ணீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் பரந்த காட்சி எடுக்க நினைப்பது, மூடுபனியில் மலையைப் படம் எடுப்பது. லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஓடில்லாத கடல் நத்தையான நுடிபிராங்க், வளைக்குள் இறாலோடு குடித்தனம் நடத்தும் கோபி மீன், பாறையாகவே மாறி உட்கார்ந்திருக்கும் தவளைமீன் என்று ஒரு சாணுக்குள் இருப்பவற்றைத் தேடுங்கள்.

அதற்கு மிரர்லெஸ் அவசியமா? இல்லை. ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சின்னக் கேமராவே ஒரு சென்டிமீட்டரில் ஃபோகஸ் பிடிக்கும். ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும் என்பார்கள். அந்த வாக்கியத்தை நம்பி 18 மீட்டர் திட்டில் இறங்காதீர்கள். அதற்கென்று வரும் ஹவுசிங் 45 மீட்டர் தாங்கும். நண்பர் என்னுடைய பழைய டிஜி-யில் ஒரே ஒரு ஸ்ட்ரோபோடு எட்டு டைவ் பழகினார். ஸ்ட்ரோபை மீனின் மேல் நேராகத் திருப்பாமல் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்து, வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீனைத் தொடும்படி வைக்கக் கற்றுக்கொண்டதும் அதில்தான். பிறகுதான் மிரர்லெஸுக்குத் திரும்பினார். இன்னும் அவர் கணினித் திரையில் வைத்திருப்பது டிஜி-யில் எடுத்த படம்.

ஹவுசிங்கை மூடும் இடமும் முக்கியம். புதுச்சேரிக் காற்றில் ஈரம் சொட்டும். வெளியே வைத்து மூடினால் அந்த ஈரமும் உள்ளே பூட்டப்படும். கடலில் குளிர்ந்ததும் கண்ணாடி உள்பக்கம் பனிக்கும். ஏசி அறையில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூட வேண்டும். தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். ஒருதரம் மூடி, கை பம்ப்பால் உள்ளே வெற்றிடம் இழுத்தபோது, கசிவு இல்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி திறந்தோம், ஒன்றும் தெரியவில்லை. மொபைல் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தபோது ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு முடி. அவர் வீட்டுப் பூனையுடையது. அந்த ஒற்றை முடி வழியாக ஹவுசிங் நிறையக் கடல் வந்திருக்கும்.

வலை

செப்டம்பர் முதல் வாரம். அன்று படகுக்கார அண்ணன் இறங்கும் முன்பே சொன்னார்: "அடியில வெள்ளம் இழுக்குது சார், கயித்தப் புடிச்சே எறங்குங்க." அவர்கள் பேச்சில் நீரோட்டத்துக்கு வெள்ளம் என்றுதான் பெயர்.

16 மீட்டரில் ஒரு சிங்கமீனை எடுக்க நண்பர் பாறை ஓரம் சாய்ந்தார். திரும்பும்போது வரவில்லை. ஸ்ட்ரோப் கை எதிலோ மாட்டியிருக்கிறது. இழுத்தார், இன்னும் இறுகியது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அறுந்து பாறையில் சுற்றிக்கிடந்த நைலான் வலை. கண்ணுக்கே தெரியாத மெல்லிய நரம்பு. ஸ்ட்ரோப் மூட்டில், ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டரின் ஹோஸில், வலது ஃபின் பக்கிளில் என்று மூன்று இடத்தில் பிடித்திருந்தது.

அவர் இழுப்பதை நிறுத்தினார். அதற்காக நான் அவரை இன்றுவரை பாராட்டுகிறேன். விடுபடும் ஆசையில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவன்தான் முழுசாகச் சுற்றிக்கொள்வான். அவர் அசையாமல் கிடந்தார், நான் மருத்துவக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். அழகான உறை, பெரிய பிளேடு என்று காலில் கட்டுகிற கத்தி இந்த நரம்பின்மேல் வழுக்கும். ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருக்கும் அந்தச் சாதாரணக் கத்தரி நறுக்கென்று வெட்டும். வெட்டி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. அவர் கேஜில் 40 பார் இறங்கியிருந்தது.

இருவரிடமும் அதற்குப் பிறகு இரண்டிரண்டு வெட்டும் சாமான், எந்தக் கையாலும் எடுக்கிற இடத்தில். தொங்குகிற எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிக் கிளிப் போட்டோம். கரையேறும்போது விடுகிற மிதவைக் குழாயும் ரீலும் ஆளுக்கொன்று. நீரோட்டத்தில் படகைவிட்டு விலகினால் மீன்பிடிப் படகுகள் நடுவே தலை தூக்க அதுதான் பாதுகாப்பு.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். படம் எடுப்பவர் நல்ல ஜோடி அல்ல. மீனைப் பார்ப்பார், நம்மைப் பார்க்க மாட்டார். நண்பர் கொஞ்சநாள் ஷட்டர் அழுத்தும்போதெல்லாம் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், கரையேறியதும் தலைவலி. கரியமில வாயு தேங்கியதால் வருகிற வலி. அதைவிட, மூச்சைப் பிடித்தபடி ஒரு மீட்டர் மேலே எழுந்தாலும் நுரையீரலுக்கு ஆபத்து. 3 லிட்டர் துணைச் சிலிண்டர் வாங்கலாமா என்று கேட்டபோது தயங்காமல் வாங்கச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: அதிலிருக்கும் காற்றை டைவ் நேரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பெரிய சிலிண்டரும் நைட்ராக்ஸும் எப்போது?

நடுவில் ஆகஸ்டில் இலங்கை கிழக்குக் கரைக்குப் போயிருந்தோம். கல்குடாவுக்கு அருகே பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவற்றில் ஒன்று. அன்றைக்குத்தான் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் 307 பேரோடு போனது.

இந்தப் பயணம்தான் நண்பரின் முதல் நாள் கேள்விக்குப் பதில் சொல்ல வசதியாக அமைந்தது. அவர் அப்போது நிமிடத்துக்கு 16 லிட்டர் ஆள். கப்பலைச் சுற்றிச் சராசரி 22 மீட்டர் என்றால் அங்கே நிமிடத்துக்கு 51 லிட்டர் வேண்டும். இடிபாடு என்பதால் 70 பாரை ஒதுக்கினோம்.

வழக்கமான 11.1 லிட்டர் சிலிண்டரில் காற்று: 28 நிமிடத்தில் தீரும். ஆழத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும்; அது அளவு மீறாமல், நாங்கள் படித்த அட்டவணையில் 25 மீட்டருக்கு வழியில் நிற்காமல் மேலே வரலாம் என்ற எல்லை 29 நிமிடம். இரண்டும் ஒரே இடத்தில் முட்டுகின்றன.

நைட்ராக்ஸ் மட்டும் எடுத்தால்? 32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள கலவையில் 25 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்கில் 20.1 மீட்டருக்குச் சமம். அந்தப் புள்ளி ஒன்றுக்காக அட்டவணையில் அடுத்த படியான 22 மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்: 37 நிமிடம். ஆனால் சிலிண்டர் 28-லேயே காலி. நைட்ராக்ஸ் மூச்சைக் குறைக்காது.

15 லிட்டர் இரும்புச் சிலிண்டர் மட்டும் எடுத்தால்? 220 பாரில் 44 நிமிடத்துக்குக் காற்று இருக்கும். ஆனால் 29-ல் நைட்ரஜன் எல்லை வந்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால்தான் 37. முன்பே எழுதிக் கேட்டிருந்ததால் அங்கே இரண்டும் கிடைத்தன. இரும்பு காலியானாலும் மிதக்காது என்பதால் பெல்ட் ஈயத்தைக் கழற்றிவிட்டார். கீழே 36 நிமிடம், 5 மீட்டரில் நிறுத்தம் சேர்த்து மொத்தம் 45 நிமிடம். 85 பாரோடு வந்தார். நிரப்பிய சிலிண்டர் 20 கிலோவைத் தாண்டும்; ஏணியில் ஏற அவரை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

மார்ச்சில் டெம்பிள் ரீஃபில் அவர் 28 நிமிடத்தில் காற்றை முடித்தபோது, 18 மீட்டருக்கான நைட்ரஜன் எல்லை 56 நிமிடம். பாதியைத்தான் தொட்டிருந்தார். அந்த ஆளுக்கு நைட்ராக்ஸ் எதற்கு? ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது டைவ் போகும்போது, முந்தைய டைவின் நைட்ரஜன் உடம்பில் மிச்சம் இருப்பதால் அங்கே வேண்டுமானால் உதவும். சிலிண்டரைக் கையில் வாங்கியதும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று நீங்களே அளந்துபார்க்க வேண்டும். 32 என்றால் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

அங்கே நண்பருக்கு ஹெர்மிஸ் ஆசையும் வந்தது. அது 53 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40-ஐத் தாண்டியது. இதே நைட்ராக்ஸை அங்கே கொண்டுபோனால் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 2 பாரைத் தொடும், 1.4-க்கு மேல் போகாதே என்று படித்திருக்கிறோம். ஆக்சிஜன் அந்த அளவைத் தாண்டினால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும், கதை முடிந்தது. ஹீலியம் கலவை, இரட்டைச் சிலிண்டர், மேலே வரும்போது பல நிறுத்தங்கள் என்று அது வேறு படிப்பு. அவர் கேட்டுக்கொண்டார். முழுக்க விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

குளிர்

நேரம் கூடியதும் யாரும் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று வந்தது. 28 பாகைத் தண்ணீர் கரையில் நிற்பவருக்கு வெந்நீர். ஆனால் தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நீந்துகிறவருக்குத் தெரியாது, ஒரு கோபி வளைக்கு முன்னால் பத்து நிமிடம் அசையாமல் கிடக்கிற படக்காரருக்கு 40-வது நிமிடத்தில் பல் அடிக்கும். நடுங்கினால் மூச்சும் கூடும், கையும் ஆடும். 3 மில்லி வெட்சூட்டுக்கு உள்ளே தொப்பி வைத்த மெல்லிய நியோப்ரீன் பனியன் போட்டார். நியோப்ரீன் கூடியதால் ஒரு கிலோ ஈயம் திரும்ப ஏறியது. மறுபடி 50 பாரில் எடை பார்த்தோம்.

பிப்ரவரி

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் அதே டெம்பிள் ரீஃப், அதே 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், சாதாரணக் காற்று, சராசரி 14 மீட்டர். 200-ல் இறங்கி 50-ல் வந்தார். 48 நிமிடம். நிமிடத்துக்கு 14.5 லிட்டர். கையில் முதல் நாள் கொண்டுவந்த அதே மிரர்லெஸ், அதே இரண்டு ஸ்ட்ரோப். படம் 31 மட்டும், ஒன்பது வைத்துக்கொண்டார்.

செலவை வரிசைப்படுத்திப் பார்த்தால், கேமராவைத் தவிர்த்து ஆக அதிகம் போனது ரெகுலேட்டருக்கு, அடுத்தது பிளேட்டும் விங்கும், பிறகு மிதவைக் கைகள். மலிவானவை ஒட்டு லென்ஸும் கத்தரியும். கம்பியில்லாமல் சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டில் காட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்று இன்னும் கேட்கிறார். கண் தெரிந்த பிறகு சாதாரணக் கேஜே போதும் என்பது என் கட்சி.

மேலே வந்து படகைப் பிடித்தபோது அண்ணன் வெயிலில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கேமராவைக் கவனமாக வாங்கி நிழலில் வைத்தார். அப்புறம் கேட்டார்: "முன்னெல்லாம் அரை மணியில ஏறிடுவீங்க சார். இப்ப ரெண்டு டைவுக்கு நா இட்லிக்கு மேல சாப்பாடும் கொண்டாரணும்போல. அடுத்த வாரமும் இப்படித்தானா?"